கலையும் கடைச்சரக்கும்: தியோடர் அடோர்னோவின் சரித்திரம்

ஒரு ஜனசமூகம் அடிமைப்பட்டிருக்கிறது என்பதை அறிய அதிக ஆராய்ச்சி வேண்டுவதில்லை. சிறைச்சாலையும் தடியடியும் வாய்ப்பூட்டுச் சட்டமும் கண்முன்னே நின்று சாட்சி சொல்லும். ஆனால், ஜனங்கள் தாமாகவே விரும்பி, கைக்காசைக் கொடுத்து, சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளில் அடிமைத்தனம் ஒளிந்திருக்குமானால், அதைச் சுட்டிக்காட்டுவது எப்படி? சுட்டிக்காட்டுகிறவனை ஜனங்களின் நண்பன் என்பதா, அவர்களுடைய சந்தோஷத்தைப் பொறாதவன் என்பதா? இரண்டாம் மகாயுத்தத்திற்குப் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இடதுசாரி அறிஞர்களைப் பல்லாண்டுகள் அலைக்கழித்த கேள்வி இது. அதை மிகக் கடுமையாக எழுப்பியவரும், அதன் பொருட்டு மிகுதியாக வசை கேட்டவரும் ஜெர்மானியத் தத்துவாசிரியர் தியோடர் அடோர்னோ ஆவார். அவர் காலமாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ராஜீய வேலையில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கள் அவருடைய சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம். அறிவுக்கும் செய்கைக்கும் இடையே நடந்த ஒரு நீண்ட வழக்கு அந்தச் சரித்திரத்தில் அடங்கியிருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

அடோர்னோ 1903-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி, மெயின் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஆஸ்கர் வீசன்குருண்ட் திராட்சைமது வியாபாரி. யூத குலத்திற் பிறந்து, புராடெஸ்டண்ட் கிறிஸ்தவத்தைத் தழுவியவர். தாய் மரியா கால்வெல்லி-அடோர்னோ மேடைப் பாடகி, கார்ஸிகா வம்சத்தவர். சங்கீதத்தில் தேர்ந்த சிற்றன்னையும் அதே வீட்டில் வாழ்ந்தார். எனவே, பேசக் கற்றபோதே பியானோவின் நாதத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். பள்ளிக்கூட நாட்களிலேயே, தம்மைவிடப் பதினான்கு வயது மூத்தவரான ஸீக்பிரீட் கிராக்கவர் என்னும் நண்பரோடு சனிக்கிழமை தோறும் அமர்ந்து காண்டின் தத்துவ நூலைப் பாடம் கேட்டார். 1924-ல், இருபத்தொரு வயது நிரம்புமுன், பிராங்க்பர்ட் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு வருஷம் வியன்னாவுக்குச் சென்று, புதுமுறைச் சங்கீத கர்த்தரான ஆல்பன் பெர்க்கிடம் சிஷ்யராக இருந்து இசையமைப்புக் கற்றார்.

தத்துவமும் சங்கீதமும் அவருக்கு இரு கண்களாக இருந்தன. அவருடைய பிற்காலக் கோபத்தை அறிந்துகொள்ள இது ஒரு திறவுகோல். ஒரு ராகத்தை ஊன்றிக் கேட்பதற்கு எவ்வளவு பொறுமையும் பயிற்சியும் வேண்டும் என்பதை அறிந்த ஒருவர், அதே சங்கீதம் பற்பசைக்கும் சவர்க்காரத்திற்கும் துணைச்சரக்காக விற்கப்படுவதைக் கண்டபோது, அதை வெறும் ருசிபேதமாக எண்ணி ஒதுக்கிவிட அவரால் இயலவில்லை.

தானிய வியாபாரியின் பணம்

1923-ல் பிராங்க்பர்ட் சர்வகலாசாலையைச் சார்ந்து சமூக ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அர்ஜென்டினாவில் தானிய வியாபாரம் செய்து பெருஞ்செல்வம் திரட்டிய ஹெர்மன் வைல் அதற்குப் பொருளுதவி செய்தார். அவருடைய புதல்வர் பெலிக்ஸ் வைல் மார்க்ஸியத்தில் ஈடுபாடு கொண்டவர். 1930-ல் மாக்ஸ் ஹோர்க்ஹைமர் தலைமை ஏற்றபின் அந்நிலையம் ஒரு புதுக் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் தொழிலாளர் கட்சிகள் அத்தனை பலம் பெற்றிருந்தும் புரட்சி ஏன் முறிந்தது? கூலியையும் லாபத்தையும் மட்டும் கணக்கிட்டால் இதற்கு விடை கிடைக்கவில்லை. குடும்பம், பள்ளிக்கூடம், பத்திரிகை, பொழுதுபோக்கு ஆகிய யாவும் மனிதனுடைய மனத்தை எவ்வாறு வார்க்கின்றன என்பதையும் ஆராயவேண்டுமென்று அவர்கள் தீர்மானித்தார்கள். ஹோர்க்ஹைமரின் நெருங்கிய நண்பரான அடோர்னோ அந்நிலையத்தின் சஞ்சிகையில் எழுதலானார்.

1933-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் அதிகாரத்திற்கு வந்தான். நிலையம் மூடப்பட்டது. தந்தை வழியால் யூதரெனக் கருதப்பட்ட அடோர்னோ சர்வகலாசாலையில் போதிக்கும் உரிமையை இழந்தார். இக்கொடுமை நெடுநாள் நீடிக்காது என்று அவர் எண்ணினார். 1934-ல் ஓர் இசைச் சஞ்சிகையில், நாஜி இளைஞர் தலைவன் ஒருவனுடைய பாடல்களுக்கு அமைந்த இசையைப் பாராட்டி ஒரு குறிப்பும் எழுதினார். முப்பது வருஷங்களுக்குப் பிறகு பிராங்க்பர்ட் மாணாக்கர் பத்திரிகை அதை வெளிக்கொணர்ந்தபோது, அதை எழுதியது தவறென்று அவரே ஒப்புக்கொண்டார். சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை மறைப்பது நியாயமன்று.

1934 முதல் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் மாணாக்கராகத் தங்கியிருந்த அவர், 1937-ல் கிரேட்டல் கார்ப்ளஸ் என்னும் பெண்மணியை லண்டனில் மணந்தார். 1938-ல் இருவரும் நியூயார்க் சேர்ந்தனர். சமூக ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்னரே அங்கே கொலம்பியா சர்வகலாசாலையின் ஆதரவில் குடியேறியிருந்தது.

நண்பரோடு வாதம்

கலையையும் முதலாளித்துவத்தையும் பற்றி யுத்தத்திற்குப் பின் நடந்த விவாதம் அனைத்திற்கும் வித்து, யுத்தத்திற்கு முன்னர் இரு நண்பர்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது. அந்நண்பர் வால்டர் பெஞ்சமின். இயந்திரத்தின் மூலம் கலைப்பொருள்களைப் பிரதி எடுக்கும் காலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1936-ல் நிலையத்தின் சஞ்சிகையில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. கோயிலிலும் அரண்மனையிலும் ஒன்றே ஒன்றாக இருந்து, எட்டி நின்று வணங்கப்பட்ட கலைப்பொருள், புகைப்படத்தாலும் சினிமாவாலும் ஆயிரக்கணக்கில் பெருகும்போது தன் மகிமையை இழக்கிறது. அந்த இழப்பு சாமானிய ஜனங்களுக்கு லாபம். சினிமாக் கொட்டகையில் அமரும் தொழிலாளி பக்தனாக இராமல் பரிசோதகனாக இருக்கிறான் என்பது பெஞ்சமினுடைய கட்சி.

அடோர்னோ இதை ஏற்கவில்லை. பழைய கலையின் மகிமை குலைவதைப் பற்றி அவருக்கும் பெரிய வருத்தமில்லை. ஆனால், காமிராவும் பிலிமும் கொட்டகையும் யாருடைய உடைமை என்று கேட்காமல் அவற்றிலிருந்து விடுதலையை எதிர்பார்ப்பது தகாது என்றார். கொட்டகையில் எழும் சிரிப்பு ஆராய்ச்சியின் சிரிப்பு அன்று என்பது அவருடைய அபிப்பிராயம். 1938-ல் சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இக்கட்சியை விரித்துரைத்தார். சங்கீதம் விற்பனைச் சரக்கான பிறகு, ஜனங்கள் பாட்டைக் கேட்பதை விட்டு, பாட்டின் பெயரையும் பாடகனின் புகழையும் டிக்கெட்டுக்குக் கொடுத்த விலையையும் ரசிக்கத் தலைப்படுகிறார்கள் என்று அதில் வாதித்தார்.

இவ்வழக்கு தீர்ப்பின்றி நின்றுபோயிற்று. ஜெர்மானியர் பிரான்ஸைக் கைப்பற்றியபின் ஸ்பெயின் வழியாகத் தப்ப முயன்ற பெஞ்சமின், 1940-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி எல்லையூரான போர்ட்பூவில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய எழுத்துக்களைத் திரட்டி 1955-ல் பிரசுரித்தவர்கள் அடோர்னோவும் அவர் மனைவியுமே. எதிர்க்கட்சியின் வாதத்தை உலகம் அறியச் செய்த இந்தக் காரியம் பாராட்டத் தக்கது.

ரேடியோவும் ஹாலிவுட்டும்

நியூயார்க்கில் அடோர்னோவுக்குக் கிடைத்த வேலை, ராக்பெல்லர் நிதியின் உதவியால் நடந்த ரேடியோ ஆராய்ச்சியில் சங்கீதப் பகுதியைக் கவனிப்பது. தலைவர் பால் லாஸார்ஸ்பெல்ட், நேயர்கள் எந்தப் பாட்டை எவ்வளவு விரும்புகிறார்கள் என்று எண்ணிக் கணக்கெடுக்கச் சொன்னார். அடோர்னோ முரண்பட்டார். தினமும் பத்து முறை ஒலிபரப்பப்படும் பாட்டைப் பிடிக்கிறது என்று ஒருவன் சொன்னால், அது அவனுடைய விருப்பமா, பழக்கமா? விருப்பத்தை உண்டாக்கும் யந்திரத்தை ஆராயாமல் விருப்பத்தை மட்டும் எண்ணுவது, விளம்பர வியாபாரிக்கு வேண்டிய கணக்கேயன்றி விஞ்ஞானம் ஆகாது என்பது அவருடைய ஆட்சேபம். அந்த வேலை நீடிக்கவில்லை.

1941-ல் ஹோர்க்ஹைமரைத் தொடர்ந்து அவரும் கலிபோர்னியாவிலுள்ள லாஸ் ஏஞ்ஜெல்ஸ் நகரில் குடியேறினார். ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த நாவலாசிரியர் தாமஸ் மான், நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், சங்கீத கர்த்தர் ஷோன்பெர்க் முதலியோர் அப்போது அங்கே வசித்தனர். உலகத்தின் கனவுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு அருகில் இருந்துகொண்டு அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் அறிவொளி இயக்கத்தைப் பற்றிய நூலை எழுதினார்கள். 1944-ல் சுமார் 500 பிரதிகள் தட்டச்சுப் படிகளாக வெளியாகி, 1947-ல் ஆம்ஸ்டர்டாமில் அது புத்தகமாயிற்று. இரண்டு பதிப்புக்களுக்கும் இடையே முதலாளித்துவம், ஏகபோகம், வர்க்கம் முதலிய சொற்கள் பல இடங்களில் மென்மையாக்கப்பட்டன. அந்நிய நாட்டில் அடைக்கலம் புகுந்தவர்களின் ஜாக்கிரதை அது.

கலாசாரத் தொழில் என்னும் தொடர் அந்நூலில்தான் பிறந்தது. முதலில் வெகுஜனக் கலாசாரம் என்றே எழுதியிருந்தனர். அது ஜனங்களிடமிருந்து தானாக எழுவது போன்ற பிரமையைத் தரும் என்பதால், பின்னர் தொழில் என்று மாற்றினார்கள். வாதத்தின் சாரம் இது. மோட்டார் வண்டியை வார்ப்பது போலவே படத்தையும் பாட்டையும் வார்க்கிறார்கள். கதை ஒன்றே, கதாநாயகனின் மீசையும் நாயகியின் சேலையும் மாறுவது போன்ற சில்லறை வேற்றுமைகளைப் புதுமையென்று விற்கிறார்கள். பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நின்று களைத்தவன், மூளைக்கு வேலையில்லாத பொழுதுபோக்கை நாடுகிறான். அதிலும் அதே இயந்திரத்தின் தாளமே அவனுக்குக் கிடைக்கிறது. ஓய்வு, மறுநாள் வேலைக்கு அவனைத் தயார் செய்வதாக முடிகிறது. எதை வேண்டுமானாலும் பேசலாம் என்னும் சுதந்திரம் இருக்கிறது. ஆயினும் வேறு விதமாக வாழ முடியும் என்ற நினைவே மங்கிப்போகிறது.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிர்க்கட்சியார் கூறுவதையும் கேட்பதே நியாயம். முதலாவதாக, அடோர்னோ ஜனங்களை மெழுகுப் பொம்மைகளாக எண்ணிவிட்டார் என்பர். அமெரிக்க நீக்ரோ மக்களின் துயரத்திலும் தன்மானத்திலும் பிறந்த ஜாஸ் சங்கீதத்தை அவர் 1936 முதல் இடைவிடாமல் இகழ்ந்தார். வானொலியில் ஒலித்த நடனக் குழுக்களின் வாத்தியத்தையும், ஒடுக்கப்பட்ட ஒரு ஜாதியின் கலையையும் அவர் பிரித்தறியவில்லை. இக்குற்றச்சாட்டு நிற்கும் என்பதே நம் அபிப்பிராயம்.

இரண்டாவது, அவர்களுடைய சொந்த நிலையைப் பற்றியது. அதைக் கூர்மையாகச் சொன்னவர் பிரெக்ட். உலகத்தின் தரித்திரத்தைக் கண்டு வருந்திய ஒரு தானிய வியாபாரி, தரித்திரத்தின் காரணத்தை ஆராய ஒரு நிலையம் ஏற்படுத்தும்படி உயில் எழுதிவிட்டு இறக்கிறான்; காரணமோ அவனேதான் என்று 1942-ல் தம் நாட்குறிப்பில் ஒரு கதைக்குக் கருவாக எழுதிவைத்தார். விலைக்கு அறிவை விற்கும் படிப்பாளிகளைப் பற்றி அவர் எழுத நினைத்த நாவலில் இது சேருவதாக இருந்தது.

மூன்றாவது, அச்சத்தைப் பற்றியது. சினிமா சங்கீதத்தைக் குறித்து ஹான்ஸ் ஐஸ்லருடன் சேர்ந்து அடோர்னோ ஒரு நூல் எழுதினார். 1947-ல் அது வெளிவந்தபோது ஐஸ்லர் மட்டுமே ஆசிரியராகக் காணப்பட்டார். கம்யூனிஸ்டென்று அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி ஐஸ்லரை விசாரித்த வருஷம் அது. அடோர்னோ தம் பெயரை விலக்கிக்கொண்டார். கைது, நாடுகடத்தல் ஆகியவற்றின் நிழலில் வாழ்ந்தறியாதவர்கள் இதற்காக அவரைக் கடிந்துகொள்ளுமுன் சற்று யோசிக்க வேண்டும். எனினும் செய்கை செய்கையே.

தாய்நாட்டில் தனிக்கட்சி

1949-ல் அடோர்னோ பிராங்க்பர்ட் திரும்பினார். ஜெர்மன் மொழியில் சிந்திப்பதை விட்டு அவரால் வாழ இயலவில்லை. தாய்நாட்டிலோ யுத்தத்தின் இடிபாடுகளோடு நினைவுகளையும் வாரிக் கொட்டிவிட்டு, ஜனங்கள் பொருள் தேடுவதில் முனைந்திருந்தார்கள். நிலையம் மீண்டும் ஏற்பட்டு, சுமார் 1,800 பேரைக் குழுக்களாக அமர்த்திப் பேசவைத்து, ஹிட்லர் காலத்தைப் பற்றி அவர்கள் மனத்தில் இருப்பதை ஆராய்ந்தது. குற்றத்தை மறுப்பதும் மறப்பதுமே மிகுதியாகக் காணப்பட்டன. ஆஷ்விட்ஸில் நடந்த கொலைக்குப் பிறகு பழையபடியே கவிதை எழுதிக்கொண்டிருப்பது நாகரிகமாகுமா என்று அக்காலத்தில் அவர் எழுப்பிய கேள்வி பெருத்த கலகத்தை விளைத்தது. துன்புறுவோருக்குக் கதறும் உரிமையுண்டு என்று பின்னாளில் அவரே அதைத் திருத்தினார்.

ரேடியோவை அத்தனை கண்டித்தவர், ஜெர்மன் ரேடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இதை முரண்பாடென்று சிலர் நகைத்தனர். பொதுச் சொத்தாக நடக்கும் ஒரு ஸ்தாபனத்தில் கடினமான விஷயத்தைக் கடினம் குறையாமல் சொல்லி, கேட்பவரை மதித்து நடத்தினால், அதே கருவி வேறு பயன் தரக்கூடும் என்று அவர் நடத்தையால் காட்டினார் என்றே நாம் கொள்கிறோம். பெஞ்சமினுக்கு அவர் மறுத்த இடத்தில் ஒரு பகுதியை இவ்வாறு திருப்பிக் கொடுத்தார்.

இடதுசாரிகளுக்குள் நடந்த விவாதத்தில் அவர் இரு பக்கமும் சேராமல் நின்றார. புடாபெஸ்ட் நகரத்து மார்க்ஸியப் பேராசிரியர் ஜார்ஜ் லூகாச், நிகழுலகை நிகழ்ந்தவாறு சித்திரிக்கும் நாவல்களே முற்போக்கானவை என்றும், காப்காவின் வழி நோய்ப்பட்ட வழி என்றும் எழுதினார். 1958-ல் அடோர்னோ அதற்கு மறுப்பெழுதினார். முரண்பாடு தீராத சமூகத்தில் தீர்ந்துவிட்டதாகக் காட்டும் கலை பொய் சொல்கிறது என்பது மறுப்பின் சாரம். அம்மறுப்பு வெளியான சஞ்சிகையோ, அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் ஆதரவில் 1948-ல் தோன்றியது. லூகாச் 1962-ல் பதிலளித்தபோது, அடோர்னோவைப் போன்றவர்கள் பாதாளத்தின் விளிம்பில் கட்டிய சகல வசதிகளுமுள்ள ஹோட்டலில் அமர்ந்து பாதாளத்தை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஏளனம் செய்தார். அதே வருஷம், எழுத்தாளன் ஒரு கட்சியைச் சார்ந்து எழுதவேண்டும் என்னும் ஸார்த்தரின் கொள்கையையும் அடோர்னோ எதிர்த்தார். பிரசாரம் செய்யும் கலை தான் எதிர்க்கும் உலகத்தின் பாஷையையே பேசுகிறது. எளிதில் ஜீரணமாகாத கலையே உண்மையில் எதிர்த்து நிற்கிறது என்றார். மாஸ்கோவின் கட்டளையும் நியூயார்க்கின் சந்தையும் கலைக்கு ஒரேவிதமான எஜமானர்கள் என்பது அவருடைய துணிபு.

மாணாக்கர் கலகம்

1960-களில் மேற்கு ஜெர்மனியின் வாலிபர்கள் அவருடைய நூல்களை ஏடேடாகப் படித்தார்கள். 1947-ம் வருஷத்துப் புத்தகம் கிடைக்காததால் திருட்டுப் பதிப்புக்கள் கைமாறின. 1967-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி பெர்லினில் பென்னோ ஓனேஸோர்க் என்னும் மாணாக்கர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடோர்னோ தம் வகுப்பில் அனைவரையும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தச் செய்தார். மறு வருஷம் நெருக்கடிகாலச் சட்டங்களை எதிர்த்து மேடையேறினார். ஆயினும், தெருவில் இறங்கிக் கிளர்ச்சியை நடத்தும்படி அவர்கள் அழைத்தபோது மறுத்தார். விளைவை ஆராயாத செய்கை, எதிரியின் பலாத்காரத்தையே பிரதி எடுக்கும் என்று அஞ்சினார்.

1969-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி, அவருடைய மாணாக்கர்களில் மிகச் சிறந்தவரான ஹான்ஸ்-யூர்கன் கிரால் தலைமையில் ஒரு கூட்டம் நிலையத்திற்குள் புகுந்தது. கட்டிடத்தைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று கருதி, அடோர்னோவும் சகாக்களும் போலீஸை அழைத்தனர். எழுபத்தாறு பேர் கைதாயினர். சர்வாதிகார மனத்தை ஆராய்ந்த ஆசிரியர், சிஷ்யர்கள் மீது போலீஸை ஏவினார் என்னும் செய்தி தேசமெங்கும் பரவிற்று. கலிபோர்னியாவில் இருந்த பழைய சகா ஹெர்பர்ட் மார்க்யூஸ், 1964-ல் வெளியிட்ட நூலால் வாலிபர்களின் ஆசானாக விளங்கியவர், போலீஸா மாணாக்கரா என்று வந்தால் தாம் மாணாக்கர் பக்கமே நிற்பதாக எழுதினார். வியட்நாமில் நடந்த யுத்தத்தைக் காணும் எவரும் சும்மாயிருக்க முடியாது என்பது அவர் கட்சி. புரட்சிக்குரிய நிலைமை இல்லாதபோது புரட்சி வேஷம் போடுவது ஆபத்து என்பது அடோர்னோவின் பதில். அவ்வருஷக் கோடையில் அவ்விரு முதியவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், யுத்தத்திற்குப் பிந்திய இடதுசாரிகளின் வழக்கு முழுவதையும் சில பக்கங்களில் அடக்கியவை.

ஏப்ரல் மாதத்தில் அவருடைய பிரசங்கத்தை மாணாக்கர்கள் குலைத்தார்கள். மூன்று யுவதிகள் மேலாடையைத் திறந்து அவரைச் சூழ்ந்து பரிகசித்தனர். அவர் கைப்பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியேறினார். பிறகு அந்தப் பிரசங்க வரிசையே நின்றது. ஜூலையில் கிராலின் வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு, ஓய்வுக்காக ஸ்விட்ஸர்லாந்து மலைப்பிரதேசத்திற்குச் சென்றார். மலையுச்சியிற் கண்ட நெஞ்சுவலி முற்றி, ஆகஸ்டு 6-ந் தேதி விஸ்ப் நகர ஆஸ்பத்திரியில் காலமானார். மார்க்யூஸுடன் நேரிற் சந்தித்துப் பேசித் தீர்க்க நினைத்த வழக்கு தீராமலே போயிற்று. முற்றுப்பெறாத அவருடைய கலைத் தத்துவ நூல் 1970-ல் அச்சாயிற்று.

நம் முன்னுள்ள வழக்கு

அடோர்னோவைத் தீர்க்கதரிசி என்று பூஜிப்பதும், கோழை என்று தள்ளுவதும் ஒரேமாதிரி எளிது. இரண்டையும் செய்வதற்கில்லை. ஜாஸைப் பற்றி அவர் பிழைபட்டார். ஜனங்களின் சுயபுத்தியைக் குறைத்து மதித்தார். மாணாக்கர் விஷயத்தில் அவருடைய பொறுமை தவறியது. ஆனால், விருப்பம் எங்கே உற்பத்தியாகிறது என்று அவர் கேட்ட கேள்வி இற்றைவரை பலம் குன்றவில்லை. அவர் காலத்தில் ரேடியோக் கம்பெனி நேயர்களை எண்ணியது. இன்றோ கைப்பேசித் திரை, ஒருவன் எந்தப் படத்தில் எத்தனை விநாடி கண் வைத்தான் என்பதைக் கணக்கெடுத்து, அதையொத்த பத்துப் படங்களை அவன் கேளாமலே அவன்முன் வைக்கிறது. அவன் அதைத் தன் சொந்த ருசி என்று நம்புகிறான்.

பத்திரிகை நடத்தும் நமக்கு இது பிறத்தியார் விவகாரம் அன்று. விளம்பரம் இன்றேல் பத்திரிகை இல்லை. வாசகர் விரும்புவதைத் தராவிடில் வாசகர் இல்லை. எனினும், வாசகர் விரும்புவதை மட்டும் தரத் தொடங்கிய நாளில், பத்திரிகை சவர்க்காரத்தோடு சவர்க்காரமாகிவிடும். அடோர்னோ இதற்குப் பரிகாரம் எதையும் எழுதிவைத்துச் செல்லவில்லை. வாசகன் அறிவாளி என்று நம்பி, சிரமமான விஷயத்தைச் சிரமம் குறையாமல் அவன்முன் வைப்பது என்னும் ஒரு வழக்கத்தை மட்டும் கைவிடாமல் நடத்திக் காட்டினார்.

மேடையேறும் நம் தேச ஊழியர்களும், செய்கையைக் கோரிய மார்க்யூஸின் கட்சியையும், சிந்தனையைக் கோரிய அடோர்னோவின் கட்சியையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்வார்களாக. கூட்டம் கைதட்டும்போது, இக்கைதட்டல் நாம் சொன்ன உண்மைக்கா, அவர்களுக்குப் பழகிய தாளத்திற்கா என்று மேடையை விட்டு இறங்குமுன் தம்மைத்தாமே ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நலம்.